கைவினைச் சந்தைக்கு நீடித்து உழைக்கும் மடக்கு டென்ட்: எதைப் பார்த்து வாங்குவது?

சக்கரமண்

வணக்கம். சுடுமண் ஜாடி, கோப்பை, விளக்கு செய்து திறந்தவெளிச் சந்தைகளில் விற்கிறேன். இப்போது கையில் இருக்கும் 10க்கு 10 அடி மடக்கு டென்ட்டின் கூரைச் சட்டத்தில் இரண்டு பட்டைகள் வளைந்துவிட்டன. ஒரு மூலையில் பிளாஸ்டிக் ஜாயின்ட்டும் விரிசல் விட்டிருக்கிறது. ஒட்டுப் போட்டு ஓட்டுவதைவிட, பல வருஷம் உழைக்கிற மாதிரி ஒன்று வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன்.

விசாரித்த இடத்தில் ஒருவர் 50 மி.மீ. அறுகோண அலுமினியக் காலைக் காட்டி, "இதுக்கு மேல ஸ்ட்ராங் கிடையாது" என்கிறார். இன்னொருவர் அலுமினியமே வேண்டாம், இரும்புதான் நிற்கும் என்கிறார். துணியில் 300டி, 500டி, 600டி என்று ஏதேதோ சொல்கிறார்கள். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்பதைத் தாண்டி எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

என் நிலைமை: பெரும்பாலும் சிமென்ட் தளம் அல்லது தார்த் தரை, முளை அடிக்க முடியாது. பாதி நேரம் தனியாகத்தான் ஏற்றி இறக்குகிறேன். உள்ளே எல்லாம் உடையக்கூடிய சரக்கு. வருஷக்கணக்கில் சந்தை போடுகிறவர்கள் சொல்லுங்கள், எதை முதலில் பார்க்க வேண்டும்?

பட்டறைக்கரி

அக்கா, காலைப் பார்த்து டென்ட் வாங்காதீங்க. கடையில காலைத்தான் காட்டுவாங்க, கண்ணுக்குத் தெரியறது அதுதானே. நான் இரும்பு வேலை செய்யறவன். உடைஞ்ச டென்ட்டை நிறையப் பேர் பட்டறைக்குத் தூக்கிட்டு வருவாங்க. கால் வளைஞ்சு வந்தது அபூர்வம். வர்றதெல்லாம் கூரைக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமா விரியுதே, அந்தக் கத்தரிப் பட்டைகள்தான்.

வளையற இடமும் எப்பவும் ஒண்ணுதான். ரெண்டு பட்டையும் ஒண்ணையொண்ணு வெட்டற நட்டநடு. அங்கே போல்ட்டுக்கு ஓட்டை போட்டிருப்பாங்க, அதனால உலோகம் குறைச்சல். கூரையில தண்ணி தேங்கினாலும் காத்து தூக்கினாலும் பாரம் வந்து சேர்ற இடமும் அதேதான். முதல்ல ஓட்டையோட விளிம்புல பெயின்ட் மயிரிழை அளவு வெடிக்கும். பிறகு பட்டையோட பக்கச்சுவர் லேசா உள்ளே மடங்கும். அடுத்த தடவை மடக்கும்போது பாதியில சிக்கும். சிக்குதேன்னு நாம ஒரு இழுப்பு இழுப்போம், பக்கத்துப் பட்டையும் கூடச் சேர்ந்து போயிடும். உங்க ரெண்டு பட்டை கதை அநேகமா இப்படித்தான் ஆகியிருக்கும்.

அலுமினியமா இரும்பான்னு கேட்டா: ஒரே அளவு, ஒரே தடிமன் குழாயா இருந்தா இரும்புக்கு விறைப்பு ஏறக்குறைய மூணு மடங்கு. அலுமினியத்துக்கு எடை மூணுல ஒரு பங்கு, விறைப்பும் மூணுல ஒரு பங்கு. ஆக அலுமினியம்னா குழாய் பெருசாவும் சுவர் தடிமனாவும் இருந்தே ஆகணும். குழாயோட அகலம் கூடினா விறைப்பு அதோட மூணாம் அடுக்குல ஏறும். 30 மி.மீ. குழாயை 40 ஆக்கினா, சுவர் தடிமன் மாறாமலே ரெண்டேகால் மடங்குக்கு மேல விறைப்பு கிடைக்கும். நல்லா செஞ்ச அலுமினிய டென்ட் இரும்புக்கு இளைச்சது இல்லைன்னு சொல்றதுக்கு இதுதான் காரணம்.

ஆனா 50 மி.மீ. கால்னு சொல்லிட்டு, சுவரை ஒரு மி.மீ.க்கும் கீழே வச்சு விக்கறாங்க. கட்டைவிரலால அழுத்தினாலே 'டக்'னு உள்ளே போய் வெளியே வரும். சுவர் தடிமன் 1.5லேர்ந்து 2 மி.மீ. இருக்கான்னு கேளுங்க. இதே கேள்வியைப் பட்டைக்கும் கேளுங்க. காலோட கணக்கைச் சொல்றவர் பட்டையோட கணக்கைச் சொல்ல முழிச்சார்னா, அந்த டென்ட்டை விட்டுடுங்க.

இரும்புக்கு எமன் துரு. பவுடர் கோட்டிங் இருக்கற வரைக்கும் கவலை இல்லை. மடக்கு டென்ட்ல கால் காலுக்குள்ள சறுக்குது, அந்த உரசல்ல கோட்டிங் போயிடும். குழாயோட உள்பக்கம் பல தயாரிப்புகள்ல கோட்டிங்கே ஏறியிருக்காது. மழையில நனைஞ்சதை அப்படியே பையில போட்டு வச்சா உள்ளேயிருந்து அரிச்சுட்டு வரும். கடலோரத்துல சந்தை போடறவங்க இரும்பை நினைக்கவே வேண்டாம்.

ஜாயின்ட் பத்தி தனியா எழுதறேன், கொஞ்சம் வேலை இருக்கு.

கூடைப்பின்னல்

எனக்கு இதில் வேறு கருத்து. விலை குறைந்த சாதாரண டென்ட் ஒன்றை வாங்குவது, போனால் இன்னொன்று வாங்குவது. இப்படித்தான் ஓட்டுகிறேன். எடை குறைவு, தூக்குவது சுலபம். உறுதியான டென்ட் என்று வாங்கினாலும் பெரிய காற்று அடித்தால் அதுவும் போகத்தான் போகிறது. என் கூடைகள் விழுந்தாலும் உடையாது, அதனால் நான் இப்படி நினைக்கிறேனோ என்னவோ.

சாயத்தொட்டி

கூடைப்பின்னல் அக்கா சொல்வது கூடைக்குச் சரி. சுடுமண்ணுக்கும் கண்ணாடிக்கும் சரிவராது. அதோடு, பறந்து போகிற டென்ட் நம்முடையது மட்டும் இல்லையே, அது போய் விழுவது பக்கத்துக் கடையின் மேல். வாடிக்கையாளர் நிற்கிற இடத்தில் விழுந்தால் என்ன ஆகும்? சந்தையில் ஒரு கடையின் டென்ட் கூரை அடுத்த வரிசையில் போய் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். நான்கு காலும் முழுசாக இருந்தன. எடையே கட்டவில்லை.

நான் சொல்ல வந்தது நிறத்தைப் பற்றி. டென்ட் கூரை வெள்ளையாக இருக்கட்டும். மற்ற எதையும் வாங்காதீர்கள். நான் துணியில் அச்சு, இயற்கைச் சாயம் செய்கிறவள். நீலக் கூரைக்குக் கீழே மஞ்சள் துணி பச்சையடிக்கும், சிவப்புக் கூரைக்குக் கீழே வெள்ளைத் துணியே ரோஜா நிறமாகும். வாங்கியவர் வெயிலில் கொண்டுபோய் விரித்துப் பார்த்துவிட்டு, "இது நான் எடுத்த நிறம் இல்லையே" என்று திரும்ப வருவார். உங்கள் மெருகுப் பூச்சுக்கும் இதே கதிதான் வரும். பச்சை மெருகும் நீல மெருகும் கூரை நிறத்தைப் பொறுத்து வேறு பாத்திரமாகவே தெரியும்.

வெள்ளைத் துணி வெளிச்சத்தைச் சிதறவிட்டு உள்ளே அனுப்பும். நிழல் கூர்மையாக விழாது, விளக்குப் போடாமலே சரக்கு தெளிவாகத் தெரியும். சில டென்ட்டுகளில் வெயில் தாங்க உள்பக்கம் கறுப்புப் பூச்சு கொடுத்திருப்பார்கள். சூடு குறையும், உண்மைதான். ஆனால் பட்டப்பகலில் உள்ளே இருட்டாகிவிடும். அழுக்கு தெரியும் என்று வெள்ளைக்குத் தயங்குபவர்கள் உண்டு. மென்மையான சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற பிரஷ்ஷும் போதும், கூடவே முழுசாக உலர்த்தியபின் மடிக்கும் பழக்கம் வேண்டும்.

சக்கரமண்

நிறத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, நன்றி. இப்போது இருப்பது கருநீலம். என் செலடான் (இளம்பச்சை) மெருகு ஏன் சந்தையில் சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தது என்று இப்போதுதான் புரிகிறது.

துணியின் எண் கணக்கை யாராவது விளக்குங்களேன்.

ஊசிநூல்

நான் விளக்குகிறேன். பந்தல் துணி, வண்டி உறை தைப்பதுதான் என் தொழில்.

'டி' என்பது டெனியர். 9,000 மீட்டர் நூலை நிறுத்தால் எத்தனை கிராம் வருமோ அதுதான் அந்த எண். 600டி என்றால் 9,000 மீட்டர் நூல் 600 கிராம். அதாவது நூல் எவ்வளவு கனம் என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்லும். நெசவு எவ்வளவு நெருக்கம், பூச்சு எவ்வளவு தடிப்பு என்பதை அது சொல்லாது. நெருக்கமாக நெய்த 500டி, தளர்வாக நெய்த 600டியைவிட நன்றாக உழைக்கும். அதனால் டெனியரோடு சேர்த்து ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று கேளுங்கள். துணியைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசி முனை ஊசி முனையாக வெளிச்சம் தெரிந்தால் பூச்சு மெல்லிசு.

பூச்சில் இரண்டு வகை பார்ப்பீர்கள். பாலியூரித்தேன் பூச்சு எடை குறைவு, நன்றாக மடியும். ஆனால் ஈரத்தோடு மடித்து வைத்தால் நாளடைவில் பிசுபிசுத்து, செதில் செதிலாக உரியும். ஈரமும் சூடும் சேர்ந்து அந்தப் பூச்சையே சிதைப்பதால் வருவது அது. பி.வி.சி. பூச்சு கனமானது, மழைக்கு அசையாது. தூக்குவதற்குத்தான் சிரமம். நிரந்தரப் பந்தல் போலப் பயன்படும் கனமான வினைல் (பி.வி.சி.) துணி ஒரு சதுர மீட்டருக்கு 440 கிராம் அளவில் வரும்.

தையலைப் பாருங்கள், துணியைவிட முதலில் போவது அதுதான். ஈரத்தில் பருத்தி நூல் மக்கும், வெயிலில் நைலான் நூலும் சீக்கிரம் வலுவிழக்கும். பாலியெஸ்டர் நூலாக இருக்க வேண்டும். நான்கு மூலைகளிலும் உச்சியிலும் உள்பக்கமாக இரண்டாவது துணி வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். சட்டம் துணியில் உரசுகிற இடங்கள் அவைதான். தையல் கோட்டின் மேல் உள்பக்கம் டேப் ஒட்டியிருந்தால் நல்லது. இல்லையென்றால் ஊசித் துளை வழியாகச் சொட்டும்.

பக்கச்சுவர்த் துணிக்கு வெல்க்ரோ மட்டும் உள்ளதை வாங்க வேண்டாம். காற்றில் 'பர்ர்' என்று பிரிந்துவிடும். ஜிப் வேண்டும், அதுவும் பெரிய பல் ஜிப். 10 எண் ஜிப் என்றால் மூடிய நிலையில் பல்வரிசை ஏறத்தாழ 10 மி.மீ. அகலம் இருக்கும். 5 எண் ஜிப் சட்டைப்பைக்குச் சரி, சுவருக்கு ஆகாது.

பட்டறைக்கரி

விட்ட இடத்துலேர்ந்து தொடர்றேன். ஜாயின்ட்.

கால், பட்டை எல்லாம் வந்து சேர்ற மூலைத்துண்டு ரெண்டு விதமா வரும்: நைலான் பிளாஸ்டிக், வார்ப்பு அலுமினியம். பிளாஸ்டிக் எல்லாமே மட்டம்னு சொல்ல மாட்டேன், தடிமனான நைலான் நல்லாவே உழைக்கும். ஆனா வெயில்ல வருஷக்கணக்கா நின்னா மொறமொறன்னு ஆகி ஒருநாள் 'பட்'னு விடும். வளைஞ்சு எச்சரிக்கை கொடுக்காது. உலோக மூலைத்துண்டா இருந்தா நிம்மதி.

கடைக்குப் போனா இதைச் செய்யுங்க. டென்ட்டை முழுசா விரிக்கச் சொல்லுங்க. ஒரு காலை இடுப்பு உயரத்துல பிடிச்சு, மூலைக்கு மூலை போற திசையில மெதுவா ஆட்டுங்க. கண்ணு கால்ல இருக்கக் கூடாது, எதிர் மூலைத்துண்டுல இருக்கணும். குழாய் அந்தத் துண்டுக்குள்ள 'லொடக் லொடக்'னு ஆடுதுன்னா, காத்துல அதே ஆட்டம் ஆயிரம் தடவை நடக்கும். ஓட்டை நீள்வட்டமாகிக்கிட்டே போகும். அடுத்து, பட்டைகள் சேர்ற இடத்துல ரிவிட்டா போல்ட்டான்னு பாருங்க. ரிவிட்னா பட்டையை மாத்தணும்னா வெட்டித்தான் எடுக்கணும். போல்ட்டும், உள்ளே நைலான் வளையம் வச்ச நட்டும்னா, ஒரு ஸ்பேனரோட நீங்களே மாத்திக்கலாம்.

இப்போ எனக்கு ரொம்ப முக்கியமானது. உதிரிப் பட்டை, மூலைத்துண்டு தனியா கிடைக்குமா? எவ்வளவு நல்ல டென்ட்டும் ஒருநாள் ஒரு பட்டையை இழக்கும். ஒரு பட்டைக்காக மொத்த டென்ட்டையும் தூக்கிப் போடற நிலை வரக் கூடாது. வாங்கற அன்னைக்கே ரெண்டு பட்டை, ஒரு மூலைத்துண்டு, நாலு நட்டு போல்ட்டு சேர்த்து வாங்கிடுங்க. பின்னாடி மாடல் மாறிடும். தர மாட்டேன்னு சொன்னா, எவ்வளவு தடிமனா இருந்தாலும் அது நீடிச்சு உழைக்கிற டென்ட் இல்லை.

கால் நேராத்தான் இருக்கணும்னு சொல்ல மறந்துட்டேன். கால் சாய்வா வர்ற டென்ட்ல, 10 அடின்னு சொல்றது தரையில இருக்கற அளவு. மேலே கூரை 8 அடிதான் இருக்கும். ஓரத்துல வச்ச சரக்கு மழையில நனையும், சுவரும் செங்குத்தா தொங்காது.

சக்கரமண்

தம்பி, இவ்வளவு விவரமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ரொம்ப நன்றி.

அடுத்த கேள்வி எடை. சிமென்ட் தரையில் இப்போது நான்கு காலிலும் தண்ணீர்க் கேன் தொங்கவிடுகிறேன். காற்று வந்தால் கேன் ஆடுகிறதே தவிர டென்ட் நின்றபாடில்லை. ஒரு காலுக்கு எத்தனை கிலோ வேண்டும்?

மரக்கடைசல்

டென்ட் எதுவாக இருந்தாலும் கடைசியில் அதைக் காப்பது எடைதான், அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. மணிக்கு 40 கி.மீ. காற்றில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7.7 கிலோ அழுத்தம். 10 அடிக் கூரை 9 சதுர மீட்டருக்குச் சற்று மேல், ஆக 70 கிலோ அளவுக்குத் தூக்க முடியும். இதே காற்று 60 கி.மீ. ஆனால் சதுர மீட்டருக்கு 17 கிலோவைத் தாண்டும். கூரைக்கு 155 கிலோவுக்கு மேல். வடிவத்தைப் பொறுத்து இது கூடும் குறையும், ஆனால் எந்த அளவில் யோசிக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

பல சந்தைகளில் ஒரு காலுக்கு 18 கிலோ குறைந்தபட்சம் என்று கேட்பார்கள். நான்கு காலுக்கு 72, டென்ட்டின் சொந்த எடை 25 என்று வைத்தால் மொத்தம் 97. மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிடுங்கள். 40 கி.மீ. காற்றைத் தாங்கும். 60ஐத் தாங்காது. அதனால் 18 என்பதைத் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சரக்குக்கு ஒரு காலுக்கு 25 வரை போகலாம்.

தண்ணீர்க் கேனில் இரண்டு குறை. ஒரு லிட்டர் ஒரு கிலோதான், அதனால் இடத்தை அடைக்கும். தொங்கவிட்டால் ஆடும், ஆடுகிற எடை காலையே இடிக்கும். நான் செய்வது இது: 4 அங்குல உள்விட்டமுள்ள பி.வி.சி. குழாய், 3 அடி நீளம், கீழே மூடி ஒட்டி, உள்ளே கான்கிரீட். மேலே கண் போல்ட் (தலையில் வளையம் உள்ள போல்ட்) ஒன்றைக் கான்கிரீட் இறுகுமுன் ஆழமாக நட்டு, அடியில் நட்டும் வாஷரும் போட்டுவிடுகிறேன். இல்லையென்றால் போல்ட் மட்டும் உருவிக்கொண்டு வரும். இது ஏறத்தாழ 18 கிலோ வரும். குழாய் ஒல்லி, காலோடு ஒட்டி நிற்கும், வாடிக்கையாளர் கால் இடறாது.

கட்டும் விதம்தான் பலரும் விடுகிற இடம். எடையைக் காலின் அடிப்பாதத்தில் மட்டும் கட்டாதீர்கள். காற்று தூக்குவது கூரையை. கூரைச் சட்டத்தின் மூலையிலிருந்து ராட்செட் பெல்ட்டை (கைப்பிடியால் முறுக்கி இறுக்கும் பெல்ட்) நேராகக் கீழே இறக்கி, எடையின் கண் போல்ட்டில் மாட்டி, தொய்வே இல்லாமல் முறுக்குங்கள். எடை தரையில்தான் நிற்க வேண்டும். பிறகு அதன் இடுப்பில் இன்னொரு பட்டை போட்டுக் காலோடு சேர்த்துக் கட்டுங்கள். பெல்ட்டில் தொய்வு இருந்தால் டென்ட் முதலில் அந்தத் தொய்வு அளவுக்கு எழும்பி, அப்புறம் 'வெடுக்'கென்று எடையை இழுக்கும். அந்த வெடுக்கில்தான் மூலைத்துண்டு உடைகிறது.

கூடைப்பின்னல்

பக்கத்து ஸ்டால்களோடு சேர்த்துக் கட்டிவிட்டால்? நாலைந்து டென்ட் சேர்ந்தால் அசையாதே.

மரக்கடைசல்

எல்லா டென்ட்டும் தனித்தனியாக எடை கட்டியிருந்தால் சேர்த்துக் கட்டுவது நல்லது. ஒன்று எடையில்லாமல் இருந்தால் அது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். பக்கத்தவர் எடையை நம் கண்ணால் பார்த்த பிறகே நான் கட்டுவேன்.

சாயத்தொட்டி

சுவர்த் துணியையும் சொல்லிவிடுங்கள். மூன்று பக்கம் சுவர் மூடி, திறந்த பக்கம் காற்றுக்கு முகம் காட்டினால் டென்ட் கப்பல் பாய் மாதிரி ஆகிவிடும். உள்ளே நுழைந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும், மேலே போகும் காற்று உறிஞ்சும். காற்று வலுத்தால் நான்கு பக்கமும் இறுக மூடுங்கள், அல்லது எல்லாச் சுவரையும் கழற்றுங்கள். பாதி நிலை ஆபத்து. வெயில் காலத்துக்கு வலைச்சுவர் கிடைக்கிறது. காற்று உள்ளே வந்து போகும், சரக்கும் பின்னாலிருந்து தெரியும்.

கண்ணாடிமணி

எல்லாரும் மடக்கு டென்ட்டையே பேசுகிறீர்கள். சக்கரமண் அக்காவின் சரக்கைப் பார்த்தால், நான் மடக்காத டென்ட்டைச் சொல்வேன். குழாய்களைத் தனித்தனியாகக் கோர்த்து நிறுத்துகிற வகை. கலைச்சந்தைகளில் டிரிம்லைன், லைட் டோம் என்ற பெயர்களைக் கேட்டிருப்பீர்கள், அந்த வகை. கத்தரிப் பட்டையே கிடையாது, அதனால் பட்டறைக்கரி சொன்ன அந்த நடு ஓட்டைப் பலவீனமும் கிடையாது. மேலே வளைவாக, இறுக இழுத்துக் கட்டிய வினைல் கூரை. தண்ணீர் தேங்க இடமே இருக்காது.

தேங்குவது சாதாரண விஷயமில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். 10 மி.மீ. மழையில் கூரைமேல் 90 லிட்டருக்கு மேல் விழுகிறது. துணி கொஞ்சம் தொய்ந்திருந்தால் ஓரத்தில் ஒரு கிண்ணம் அளவு நிற்கும். அந்தப் பாரத்தில் துணி இன்னும் இறங்கும், இறங்கியதால் இன்னும் அதிகம் சேரும். கவனிக்காமல் விட்டால் ஒரே பக்கத்தில் 50 கிலோ உட்கார்ந்துவிடும். எந்த மடக்குச் சட்டமும் இந்தப் பாரத்துக்காகச் செய்ததில்லை.

குறை என்னவென்றால் நேரம். மடக்கு டென்ட் விரிக்கும் நேரத்தில் நான் குழாய்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டுதான் இருப்பேன். தனியாளாக அரை மணிக்கு மேல் ஆகும். ஆனால் ஒவ்வொரு துண்டும் எடை குறைவு, ஒரே மூட்டையாக 25 கிலோவைத் தூக்க வேண்டியதில்லை.

பட்டறைக்கரி

கண்ணாடிமணி அக்கா சொல்றது முழுக்க நிஜம். ஒரே இடத்துல ரெண்டு மூணு நாள் நிக்கற சந்தைன்னா நானும் அதைத்தான் சொல்வேன். காலையில விரிச்சு சாயந்தரம் மடக்கறதுன்னா மடக்கு டென்ட்தான் ஒத்துவரும்.

மடக்கு டென்ட்லயும் தேங்காம பார்த்துக்கலாம். உச்சிக் கம்பத்துல ஸ்பிரிங் இருக்கற மாடலா எடுங்க, துணியை எப்பவும் மேலே தள்ளி இறுக்கமா வச்சிருக்கும். அதுக்கும் மேலே, மெல்லிய பிளாஸ்டிக் குழாயை வில்லா வளைச்சு கூரைத்துணிக்கும் பட்டைக்கும் நடுவுல ஒவ்வொரு பக்கமும் ஒண்ணு செருகிடுங்க. ராத்திரி டென்ட்டை விட்டுட்டுப் போறதா இருந்தா ஒரு பக்கத்து ரெண்டு காலை மட்டும் ஒரு படி இறக்கி வைங்க. தண்ணி அந்தப் பக்கமா ஓடிடும்.

சக்கரமண்

இப்போது முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறேன். என் சந்தைகள் பெரும்பாலும் ஒருநாள் சந்தை, அதனால் மடக்குதான். அலுமினியம், 40 மி.மீ. அறுகோணக் கால், சுவர் 1.5 மி.மீ.க்குக் குறையாமல், உலோக மூலைத்துண்டு, போல்ட் இணைப்பு, நேர்க்கால், வெள்ளைத் துணி, ஜிப் சுவர். 50 மி.மீ. காலை விட்டுவிட்டேன். அதில் பட்டையின் தடிமனைக் கேட்டபோது பதில் வரவில்லை.

இரண்டு சந்தேகம் பாக்கி. தனியாக விரிப்பது எப்படி? இன்னொன்று, ஒரு சந்தையில் துணிக்குத் தீத்தடுப்புச் சான்று கேட்டார்கள், அது என்ன?

ஊசிநூல்

தீத்தடுப்பு: நெருப்பை எடுத்துவிட்டால் துணி தொடர்ந்து பற்றி எரியாமல் அணைய வேண்டும் என்பதற்கான சோதனை. சி.பி.ஏ.ஐ-84, என்.எஃப்.பி.ஏ 701 என்ற அமெரிக்கத் தரங்கள் டென்ட் லேபிள்களில் பரவலாகக் காணப்படும். பிரிட்டனில் பி.எஸ். 7837. துணியில் தைத்த லேபிளாகவே இருக்கட்டும், தனிக் காகிதம் தொலைந்துபோகும். கூரைக்கு மட்டும் லேபிள் இருந்து சுவருக்கு இல்லாத செட்டும் உண்டு, அதையும் பார்த்து வாங்குங்கள். தீப்பிடிக்கவே பிடிக்காது என்று அர்த்தமில்லை, கீழே அடுப்போ மெழுகுவத்தியோ வேண்டாம்.

மரக்கடைசல்

தனியாக விரிக்க: சட்டத்தை நடுவில் நிறுத்தி, எதிரெதிர் மூலைகளை மாறி மாறி ஒவ்வொரு முழமாக இழுத்துப் பாதி வரை திறவுங்கள். ஒரே மூலையை ஒரேயடியாக இழுத்தால் பட்டை முறுக்கும். பாதித் திறப்பிலேயே கூரைத்துணியைப் போட்டு மூலை வெல்க்ரோவை ஒட்டிவிடுங்கள். முழுசாகத் திறந்தபின் உயரத்தில் துணி போடத் தனியாளால் முடியாது. பிறகு முழுசாகத் திறந்து, மூலைத்துண்டு பூட்டும் வரை கீழிருந்து தள்ளுங்கள். கால்களை உயர்த்துவதற்கு முன்னாலேயே காற்று வரும் பக்கத்து இரண்டு மூலையிலும் எடையை மாட்டிவிடுங்கள், பெல்ட்டை மட்டும் தளர்வாக விட்டு. கால் ஒவ்வொரு படி ஏறும்போதும் பெல்ட்டும் நீளும். உயரம் சரியானதும் நான்கையும் இறுக்குங்கள்.

காற்று ஏற்கெனவே பலமாக இருந்தால் யாராவது ஒருவரைக் கூப்பிடுங்கள். சந்தையில் உதவ மறுப்பவர் யாரும் இல்லை.

சக்கரமண்

எல்லாருக்கும் நன்றி. பழைய டென்ட்டை என்ன செய்வது? துணி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

பட்டறைக்கரி

தூக்கிப் போடாதீங்க அக்கா. வளைஞ்ச பட்டையை நிமிர்த்தி அப்படியே மாட்டினா நிக்காது, ஒரு தடவை மடங்கின உலோகம் அதே இடத்துல சீக்கிரம் மடங்கும். அந்தப் பட்டை உள்ளே போற அளவுக்கு அலுமினிய 'ப' சேனல் ஒண்ணு எடுத்து, நடு ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் ஒரு சாண் வர்ற மாதிரி வெட்டி மேலே கவிழ்த்து, பழைய ஓட்டை வழியாவே கொஞ்சம் நீளமான போல்ட் போட்டு முடுக்குங்க. ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு சின்ன போல்ட் போதும். நடு நட்டை ரொம்ப இறுக்க வேண்டாம், பட்டை சுழலணும். சேனல் தடிப்பால மடக்கும்போது பக்கத்துப் பட்டையில இடிக்குதான்னு ஒரு தடவை முழுசா மடக்கிப் பார்த்துட்டு, இடிச்சா அந்த ஓரத்தை அரத்தால தேய்ச்சுடுங்க. விரிசல் விட்ட மூலைத்துண்டை ஒட்டாதீங்க, புதுசுதான் போடணும். அந்த டென்ட்டைக் காத்து இல்லாத இடத்துல, சரக்கு பிரிச்சு அடுக்கற நிழலுக்கு மட்டும் வச்சுக்கோங்க. அதுக்கும் நாலு எடை கட்டணும்.